டெக்சஸ் தொகுதி வரைபடச் சண்டையும் நம்ம ஊர்த் தொகுதி மறுசீரமைப்பும் ஒண்ணுதானா?

வடக்குமாசி
2025 டிசம்பர் 13

எல்லாருக்கும் வணக்கம். புதுநத்தம் ரோடு கலைஞர் நூலகத்துல கூடுற எங்க வாசகர் குழுவுல அடுத்த ஞாயிறு தொகுதி மறுசீரமைப்பு பத்திப் பேச்சு. போன வாரமே ஒருத்தர் ஆரம்பிச்சுட்டார்: "அமெரிக்காவுலயே டெக்சஸ்காரன் இதைத்தான் பண்றான், நாம எதுக்குப் பதறணும்"னு. பதில் சொல்ல முடியல. மூணு விஷயம் புரியணும்.

கணக்கெடுப்பு 2020-ல முடிஞ்சு போச்சு. அப்புறம் எப்படி 2025 ஆகஸ்ட்ல டெக்சஸ் எல்லைய மாத்துது, நவம்பர்ல கலிஃபோர்னியா மாத்துது, டிசம்பர் 11-ல இண்டியானா மாநிலச் செனட் வேண்டாம்னு தள்ளுது? ஆளுக்கு ஆள் இஷ்டமா?

தொகுதி எல்லைக் கோட்ட மட்டும் மாத்துனா டெக்சஸ்ல குடியரசுக் கட்சிக்கு 5 சீட்டு எப்படிக் கூடும்? ஓட்டுப் போடுறவங்க அதே ஆளுங்கதான?

கோர்ட் ஏன் சும்மா இருக்கு?

விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவாவே எழுதுங்க.


ஒத்தக்கடை வாத்தியார்

தம்பி, உங்கள் குழுவில் பேசியவர் இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் கட்டிவிட்டார். முதலில் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

ஒன்று, எந்த மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர் என்ற பங்கீடு. மற்றொன்று, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப மாநிலத்துக்குள் எல்லை வரைவது. நாம் இரண்டுக்கும் சேர்த்து 'மறுசீரமைப்பு' என்கிறோம். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. டெக்சஸில் நடப்பது இரண்டாவது வேலை. தமிழ்நாடு அஞ்சுவது முதல் வேலையை நினைத்து.

அமெரிக்காவில் பங்கீடு கணக்கு வாய்ப்பாடு போல நடக்கும். பிரதிநிதிகள் சபையில் மொத்தம் 435 இடம். 1911 சட்டம் வைத்த எண், 1913 முதல் அதே அளவுதான். அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்தபோது மட்டும் சில ஆண்டுகள் 437 ஆக இருந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் 1941 முதல் நடப்பில் உள்ள ஒரே சூத்திரத்தில் எண்களைப் போட்டால் மாநிலவாரிப் பங்கு வந்துவிடும். 2020 கணக்கின்படி டெக்சஸுக்கு 2 கூடி 38, கலிஃபோர்னியாவுக்கு 1 குறைந்து 52. நியூயார்க் 27-லிருந்து 26 ஆனது. அங்கே இன்னும் 89 பேர் கூடுதலாகக் கணக்கில் வந்திருந்தால் அந்த ஓர் இடம் போயிருக்காது. எண்பத்தொன்பது பேர், தம்பி. கணக்கெடுப்பாளர் வீட்டுக் கதவைத் தட்டும்போது திறப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்கள் கூட்டத்தில் இதை வைத்தே சொல்லலாம்.

அவர்களும் ஒருமுறை பங்கீட்டை உறைய வைத்தார்கள். 1920 கணக்கெடுப்பில் முதன்முறையாகப் பட்டணத்து மக்கள் பாதிக்கு மேல் போனார்கள். கிராமப்புற மாநிலங்களின் உறுப்பினர்கள் தங்கள் இடம் போகுமே என்று மறுபங்கீட்டை நிறைவேற விடவில்லை. 1929-இல் தனிச் சட்டம் வந்து, 1930 கணக்கெடுப்புக்குப் பிறகுதான் பங்கு நகர்ந்தது. நாம் 1976-இல் 42ஆவது திருத்தத்தால் 2001 கணக்கெடுப்பு வரை உறைய வைத்தோம். 84ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ஆகவே தமிழ்நாட்டின் 39 இன்றும் 1971 மக்கள்தொகைக் காலத்துப் பங்கு. 1962 தேர்தலில் நமக்கு 41 இருந்தது, 1967-இல் 39 ஆனது என்பதையும் மறக்க வேண்டாம். உறைவு இல்லாத காலத்தில் நாம் இழந்திருக்கிறோம்.

எனவே ஞாயிற்றுக்கிழமை இப்படிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பங்கு நகர்கிறது, எல்லையைப் பெரும்பாலான மாநிலங்களில் ஆளுங்கட்சி வரைகிறது. இங்கே பங்கு உறைந்திருக்கிறது, எல்லையை ஆணையம் வரைகிறது. அவர்களுடைய நோய் வேறு, நம்முடைய நோய் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றுக்கு மருந்து எழுத முடியாது.

இன்னொன்று. அங்கே இடம் இழக்கும் சிறிய மாநிலத்துக்கும் செனட்டில் 2 பேர் உறுதி. 5,76,851 பேர் உள்ள வயோமிங்குக்கும் 2, நான்கு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் 2. நம் மாநிலங்களவையில் அந்த அரண் கிடையாது. அங்கும் மக்கள்தொகைப்படிதான்: தமிழ்நாட்டுக்கு 18, உத்தரப்பிரதேசத்துக்கு 31. தெற்கின் அச்சத்துக்கு வேர் இந்த இடத்தில் இருக்கிறது. "அமெரிக்காவிலேயே" என்று தொடங்குபவர் செனட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.


சோழவந்தான் வெத்தலை

வாத்தியார் ஐயா முதல் பாதிய முடிச்சுட்டார். கோடு போடுற வேலைய நான் சொல்றேன்.

பதினஞ்சு தெரு இருக்குன்னு வைங்க. ஒவ்வொரு தெருவுலயும் ஒரே அளவு ஓட்டு. 9 தெரு மல்லிகைக் கட்சி, 6 தெரு கனகாம்பரக் கட்சி. அஞ்சு அஞ்சு தெருவாச் சேர்த்து 3 தொகுதி போடணும்.

ஒவ்வொரு தொகுதியிலயும் 3 மல்லிகை, 2 கனகாம்பரம்னு கலந்தா மல்லிகைக்கு மூணும் போகும். நூத்துக்கு நாப்பது ஓட்டு வச்சிருக்கிற கனகாம்பரத்துக்கு ஒண்ணும் இல்ல. இதுக்குப் பேரு உடைக்கிறது.

இப்ப கோடு போடுற பென்சில் கனகாம்பரத்துக்காரன் கையில. அவன் 5 மல்லிகைத் தெருவ ஒரே தொகுதியில அடைச்சிருவான். மிச்சம் 4 மல்லிகை, 6 கனகாம்பரம். அதை ரெண்டாப் பிரிச்சா ரெண்டுலயும் 2-க்கு 3. கனகாம்பரம் 2 சீட்டு, மல்லிகை 1. கம்மி ஓட்டு வாங்கினவன் பெரும்பான்மை. இது திணிக்கிறது. ஒரு ஓட்டுகூட மாறல, ஒரு ஆள்கூட வீடு மாறல. 4-1, 4-1, 1-4னு வரைஞ்சா மல்லிகைக்கு 2, கனகாம்பரத்துக்கு 1. ஓட்டு விகிதத்துக்கு அதுதான் கிட்ட வருது.

நெசத்துல எப்படி இருக்கும்னா, மீனாட்சியம்மன் கோயில நடுவுல வச்சு நாலு கோடு இழுங்க. கீழமாசி வீதிப் பக்கம் மேலூரோட, தெக்குமாசி வீதிப் பக்கம் திருமங்கலத்தோட, மேலமாசி வீதிப் பக்கம் உசிலம்பட்டியோட, வடக்குமாசி வீதிப் பக்கம் அலங்காநல்லூரோட. பட்டணத்துக்காரன் நாலு தொகுதியிலயும் இருப்பான், ஒண்ணுலயும் அவன் சொல்லு எடுபடாது. டென்னசி மாநிலத்துல நாஷ்வில் நகரத்தை 2022-ல இப்படித்தான் மூணு தொகுதியாப் பிளந்தாங்க. அதுவரை ஜனநாயகக் கட்சி கையில இருந்த நகரம். அந்த வருசத் தேர்தல்ல மூணுமே குடியரசுக் கட்சிக்குப் போச்சு. 2025 செப்டம்பர்ல மிசூரி மாநிலம் கான்சஸ் சிட்டிய வெட்டினதும் இதே முறை.

இதை வரையிறதுக்கு என்ன வேணும்? கணக்கெடுப்புத் துறை தெரு மடக்கு மடக்கா, அதாவது நாலு பக்கமும் தெரு சூழ்ந்த சின்னச் சின்னப் பகுதியா, மக்கள் எண்ணிக்கை குடுக்கும். 1975-ல வந்த சட்டப்படி மாநிலங்களுக்குக் குடுத்தாகணும். அது மேல ஓட்டுச்சாவடி வாரியாப் பழைய தேர்தல் முடிவை ஏத்துவாங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒரு மடக்கை இந்தத் தொகுதியில இருந்து அந்தத் தொகுதிக்குத் தள்ளினா மக்கள்தொகை எவ்வளவு, எந்தக் கட்சிக்கு எத்தனை சதவீதம்னு அந்த நொடியே கீழ மாறும். அளவு ரொம்பக் கறாரு. டெக்சஸ்ல 2,91,45,505 பேரை 38-ஆல வகுத்தா தொகுதிக்கு 7,66,987. 1964-ல உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத் தொகுதியெல்லாம் முடிஞ்சவரை சம எண்ணிக்கையா இருக்கணும்னு சொல்லிருச்சு. 1983-ல நியூஜெர்சி வழக்குல 1 சதவீதத்துக்கும் கம்மியான வித்தியாசத்தையே ஏத்துக்கல. அதனால ஆள் எண்ணிக்கையில ஏமாத்த முடியாது. ஏமாத்து முழுசும் உருவத்துலதான். 2025-ல வரைஞ்சப்பவும் கையில இருந்தது 2020 கணக்குதான், அஞ்சு வருசம் பழசு.

நடுவுல எப்படி மாத்தலாம்னு கேட்டீங்கள்ல. அமெரிக்க அரசியல் சட்டம் முதல் பிரிவு, நாலாவது கூறு: தேர்தல் நடத்துற முறைய மாநிலச் சட்டமன்றம் முடிவு பண்ணும், நாடாளுமன்றம் வேணும்னா மாத்தலாம். பத்து வருசத்துக்கு ஒரு தடவைதான்னு அதுல இல்ல. டெக்சஸ் 2003-லயே நடுவுல மாத்தி, 2006-ல உச்ச நீதிமன்றம் நடுவுல மாத்துறது மட்டுமே தப்பாகாதுன்னு சொல்லிருச்சு, ஒரே ஒரு தொகுதிய மட்டும் குறை சொல்லிச்சு. ஆனா கொலராடோ மாதிரி மாநிலத்துல அவங்க சொந்த அரசியல் சட்டமே தடுக்குது. 2003-ல அங்க முயற்சி பண்ணி மாநில உச்ச நீதிமன்றத்துல அடிபட்டுச்சு. ஆக, மாநிலத்துக்கு மாநிலம் பூட்டு வேற.

கலிஃபோர்னியா பூட்டு மக்கள் போட்டது. 2008-லயும் 2010-லயும் மக்கள் ஓட்டெடுப்பு வழியா 14 பேர் குடிமக்கள் ஆணையம் வந்துச்சு: ஜனநாயகக் கட்சிக்காரர் 5, குடியரசுக் கட்சிக்காரர் 5, ரெண்டுலயும் சேராதவங்க 4. டெக்சஸுக்குப் பதிலடி குடுக்கணும்னாலும் சட்டமன்றத்தால நேரடியா மாத்த முடியல, மக்கள்கிட்டயே திரும்பப் போகணும். 2025 நவம்பர் 4-ல 50ஆம் முன்மொழிவுன்னு ஓட்டுக்கு விட்டாங்க, 64 சதவீதம் ஆதரவு. 2026, 2028, 2030 தேர்தலுக்கு மட்டும் புது வரைபடம், அப்புறம் ஆணையமே திரும்ப வரையும்.

இண்டியானா செனட்டுல 50 பேர்ல 40 பேர் குடியரசுக் கட்சி. அதிபர் டிரம்ப் பக்கம் இருந்து அத்தனை அழுத்தம் வந்தும் புது வரைபட மசோதா 31-க்கு 19-னு தோத்துருச்சு, சொந்தக் கட்சிக்காரர் 21 பேர் எதிர்த்தாங்க. அவங்களுக்கு என் மரியாதை.


வடக்குமாசி

ரொம்ப நன்றி அண்ணே, ஐயா. அஞ்சு சீட்டுக் கணக்கு இப்பப் புரிஞ்சுது. ஆனா ஒண்ணு உறுத்துது. நம்ம திருப்பரங்குன்றம் மதுரைக்கு ஒட்டி இருக்கு, அது விருதுநகர் எம்.பி. தொகுதியில. சோழவந்தான் தேனி தொகுதியில. இதுவும் யாரோ வெட்டி ஒட்டுன மாதிரிதான இருக்கு? கூட்டத்துல நிச்சயம் கேப்பாங்க.


தெப்பக்குளம்

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சதி இல்லை, வகுத்தல்.

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதி 234, மக்களவைத் தொகுதி 39. வகுத்தால் மிச்சமில்லாமல் 6. ஒவ்வொரு மக்களவைத் தொகுதிக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதி முழுதாக வர வேண்டும், ஒன்றைப் பாதியாக வெட்ட முடியாது. மதுரை மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதி 10. மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்று ஆறை மதுரைக்குக் கொடுத்தால் 4 மிச்சம். தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் என்று நான்குதான், இரண்டு குறைகிறது. சோழவந்தானும் உசிலம்பட்டியும் அங்கே போயின. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் தெற்கே சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டையோடு சேர்ந்தன. 10 என்பது 6, 2, 2 ஆனது, அவ்வளவுதான். திருப்பரங்குன்றத்தை மதுரையோடு வைத்தால் அந்த ஆறில் ஒன்று வெளியே போக வேண்டும். மேலூரா, கிழக்கா என்று யாராவது சொல்லட்டும்.

வரைபடத்தில் கோணல் தெரிந்தாலே மோசடி என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இது நம் வாசல் எடுத்துக்காட்டு. 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்பமிட்ட தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி வடிவப் பிராணியைப் போல இருந்ததால்தான் 'ஜெர்ரிமாண்டர்' என்ற பெயரே பிறந்தது. இப்போது அப்படிப் பல்லி வரையத் தேவையில்லை. கணினியில் நேர்கோட்டோடு அழகாக வரைந்தே ஒரு நகரத்தை வாயடைத்துவிடலாம். உருவத்தைப் பார்க்காதீர்கள். யார் வரைந்தார், வரைந்தவர் அதே தொகுதிகளில் ஓட்டுக் கேட்கப் போகிறவரா என்று பாருங்கள்.

இங்கே 2002 சட்டப்படி ஆணையத்தில் மூன்று பேர்: உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர், தேர்தல் ஆணையர் ஒருவர், மாநிலத் தேர்தல் ஆணையர். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் 5 எம்.பி., 5 எம்.எல்.ஏ. இணை உறுப்பினராக உட்காரலாம். பேசலாம், வாக்களிக்க முடியாது, ஆணையில் கையெழுத்தும் இல்லை. வரைவை அரசிதழில் போட்டு, ஆட்சேபம் வாங்கி, பொது விசாரணை வைத்து, பிறகுதான் இறுதி ஆணை. 2008-இல் சேடபட்டியும் சமயநல்லூரும் தொகுதியாக மறைந்ததும் இந்த வழியில்தான். பெயர் போன வருத்தம் அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும், அது நியாயமும்கூட. ஆனால் ஒரு கட்சி அலுவலகத்தில் இரவோடு இரவாக வரைந்தது அல்ல.

அதற்காக நம் முறை குறையற்றது என்று சொல்லிவிட வேண்டாம். அசாமில் 2023-இல் தனி மறுசீரமைப்பு ஆணையம் இல்லாமல் தேர்தல் ஆணையமே 2001 கணக்கெடுப்பை வைத்து வரைந்தபோது எதிர்க்கட்சிகள் கடுமையாகக் குறை சொன்னார்கள். மறுசீரமைப்புச் சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க 329ஆவது பிரிவு தடை போடுவதும் இரு முனைக் கத்தி. வழக்கால் தேர்தல் தள்ளிப் போகாது, ஆனால் தவறு நடந்தால் திருத்துவதும் கடினம்.

நீதிமன்றம் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் தரவில்லை, அதையும் சொல்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் இனத்தை முதன்மையாக வைத்து எல்லை வரைவது கூடாது, 1993 முதல் அப்படி. கட்சி லாபத்துக்காக வரைவதை விசாரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு அளவுகோல் இல்லை என்று 2019-இல் 5-க்கு 4 என்று தீர்ப்பு வந்தது, ரூச்சோ வழக்கு. இதன் விளைவைக் கவனியுங்கள். வரைந்தவர்கள் "இனத்தைப் பார்க்கவே இல்லை, எங்கள் கட்சிக்குச் சீட்டு வேண்டும் என்றுதான் வரைந்தோம்" என்று வெளிப்படையாகச் சொல்வதே அவர்களுக்குப் பாதுகாப்பு ஆகிவிட்டது. டெக்சஸ் வழக்கு இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. 2025 நவம்பர் 18-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு 2-க்கு 1 என்று, இனம் பார்த்து வரைந்த வரைபடமாகத் தெரிகிறது என்று நிறுத்தியது. டிசம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. ஆகவே 2026-க்குப் புது வரைபடம்தான்.

மாநில நீதிமன்றம் வேறு பாதை. யூட்டாவில் சால்ட் லேக் வட்டாரத்தை நான்கு தொகுதியாகப் பிளந்திருந்தார்கள். 2018-இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த விதியை மீறியது என்று 2025 நவம்பரில் மாநில நீதிபதி புதிய வரைபடத்தை ஏற்றுக்கொண்டார். ரூச்சோ தீர்ப்பால் அடைபட்ட கதவு கூட்டாட்சிக் கதவு மட்டுமே.


சோழவந்தான் வெத்தலை

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். வெட்டுறவன் கையே வெட்டுப்படுறதும் உண்டு. பதினஞ்சு தெரு கணக்குல கனகாம்பரம் ஜெயிச்சது 3-க்கு 2-னு. ஒரு தெரு மனசு மாறினா சீட்டு போச்சு. நிறைய சீட்டு வேணும்னு ஓட்டை மெல்லிசாப் பரப்பினா எதிர்க்காத்து அடிக்கிற வருசம் மொத்தமா சரியும். டல்லஸ் வட்டாரத்துல மாநிலச் சட்டமன்றத்துக்கு 14 தொகுதி, 8 நமக்குன்னு குடியரசுக் கட்சி வரைஞ்சிருந்துச்சு. 2018 தேர்தல் முடிஞ்சப்ப 12 ஜனநாயகக் கட்சிக்கு. இப்ப டெக்சஸ் எதிர்பார்க்கிற 5 சீட்டுல சிலது லத்தீன் வம்சாவளி மக்கள் 2024-ல போட்ட மாதிரியே திரும்பவும் போடுவாங்கன்ற நம்பிக்கையில நிக்குது.

கோரம், அதாவது சபை கூடத் தேவையான குறைஞ்சபட்ச ஆள் எண்ணிக்கை, அந்தக் கதையும் கேப்பாங்க. டெக்சஸ் கீழவையில 150 பேர், கூட்டம் நடக்க 100 பேர் இருக்கணும். ஜனநாயகக் கட்சிக்காரங்க 50 பேருக்கு மேல 2025 ஆகஸ்ட் 3-ல மாநிலத்தை விட்டே போயிட்டாங்க, நாளைக்கு 500 டாலர் அபராதம். ரெண்டு வாரம் தாங்குச்சு. ஆகஸ்ட் 29-ல கவர்னர் கையெழுத்துப் போட்டுட்டார்.


ஒத்தக்கடை வாத்தியார்

கூட்டத்தில் செய்தித் தாளை வைத்துப் பேசுவதால் சொல் விஷயத்தில் எச்சரிக்கை. அமெரிக்க 'ஆளுநர்' மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சர் போல ஆட்சி நடத்துபவர். நம் ஊர் ஆளுநரை நினைத்துக் கேட்டால் எல்லாம் தலைகீழாகும். 'செனட்' என்று வந்தால் வாஷிங்டன் செனட்டா, மாநிலச் செனட்டா என்று முதலில் பாருங்கள். இண்டியானாவில் வாக்களித்தது மாநிலச் செனட். வரைபடச் சட்டத்தை ஆளுநர் மறுக்கலாமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வடக்குக் கரோலினாவில் அந்த அதிகாரமே ஆளுநருக்கு இல்லை.

நூலகத்தில் திரை இருந்தால் டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் என்ற இணையதளத்தைத் திறந்து காட்டுங்கள், கட்டணம் கிடையாது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஓட்டுச்சாவடிப் பகுதிகளுக்கு வண்ணம் பூசினால் ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை பேர், சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று உடனே எண் வரும். டெக்சஸ் 38 தொகுதி, கூட்ட நேரத்தில் முடியாது. 4 தொகுதியே உள்ள யூட்டாவை எடுங்கள். சால்ட் லேக்கை ஒருமுறை நான்காக வெட்டியும் ஒருமுறை ஒன்றாக வைத்தும் பூசிக் காட்டினால் பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் புரியும். வெத்தலையின் பதினைந்து தெருவை அதற்கு முன்னால் கரும்பலகையில் போட்டுவிடுங்கள்.


வடக்குமாசி

யூட்டாவையே எடுத்துக்கிறேன் ஐயா. தெப்பக்குளம் அக்கா, 6, 2, 2 கணக்க மாவட்ட வரைபடத்துல வண்ணம் போட்டு ஒட்டப் போறேன். திருப்பரங்குன்றத்துல இருந்தே நாலு பேர் வர்றாங்க.